பழைய புல்லட்டில் பிரைமரி செயின் சத்தம்: எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

அடைமழையில் திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் முழங்கால் தண்ணீரில் ஓட்டிய பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் இடது பக்கம் கடகடவென்றால், எடுத்த எடுப்பில் "செயின் போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். பிரைமரி செயின் என்பது இடது பக்கக் கவருக்குள் இஞ்சினையும் கிளட்ச்சையும் இணைக்கும் செயின். முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்.

வண்டியை நியூட்ரலில் வைத்து, ஐடிலில் கிளட்ச்சைப் பிடியுங்கள். பிடித்ததும் சத்தம் அடங்கினால் கோளாறு பெரும்பாலும் கியர்பாக்ஸ் பக்கம். பிடித்தால் மட்டுமே வந்தால் கிளட்ச் டிரம் பேரிங் ஆடுகிறது. பிடித்தாலும் விட்டாலும் தட்டி, ஆக்சிலரேட்டரை மூடித் திறக்கும்போது கூடினால் செயின் தளர்வு.

அடுத்தது ஆயில். இந்த மாடலில் பிரைமரிக்குத் தனி ஆயில். பின்னால் வந்த யூனிட் இஞ்சினில் (இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில், அந்த வண்டிக்கு இங்கே சொல்வது பொருந்தாது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கவரில் ஆயில் அளவு பார்க்க இருக்கும் லெவல் ஸ்குரூவைக் கழற்றுங்கள். இரண்டு சொட்டு வந்து நின்றால் சரி. ஊற்றாமலேயே அளவு ஏறி நிறையக் கொட்டினால் கிராங்க் சீல் வழியாக இஞ்சின் ஆயில் உள்ளே வருகிறது. பால் விட்ட டீ மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எதுவுமே வராவிட்டால் கவர் ரப்பரைச் சந்தேகப்படுங்கள்.

கவரைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட்டுதான். இடது ஃபுட்ரெஸ்ட்டையும், பிரேக் அந்தப் பக்கம் இருந்தால் பெடலையும் எடுத்துவிட்டு அதைக் கழற்றுங்கள். கவர் அசைந்ததுமே ஆயில் கொட்டும், கீழே ட்ரே வையுங்கள். உள்ளே கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகமான ரோட்டரின் காந்தத்தைப் பாருங்கள். மெல்லிய கருப்புப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை. முடி முளைத்த மாதிரி இரும்புத்தூள் நின்றால் ஸ்ப்ரோக்கெட்டோ செயினோ தேய்கிறது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெல்ல அழுத்தி இஞ்சினைச் சுற்றிக்கொண்டே மேல்பக்கச் செயினின் நடுவை விரலால் ஏற்றி இறக்குங்கள். ஓரிடம் தளர்வாகவும் ஓரிடம் இறுக்கமாகவும் இருக்கும். மிக இறுக்கமான இடத்தில் 6 மி.மீ. ஆட்டம் வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: தளர்ந்த இடத்தில் அளந்து திருகிவிடுவார்கள், சத்தம் போய்விடும், ஆனால் இறுகிய இடம் வரும்போதெல்லாம் கிராங்க் பேரிங்கும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டும் அடி வாங்கும். தளர்ந்த செயின் சத்தம்தான் போடும், இறுகிய செயின் பேரிங்கைத் தின்னும்.

கீழே இருக்கும் டென்ஷனரின் லாக் நட்டைத் தளர்த்தி அளவு வைத்து, நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும், இறுக்கும்போது அளவு மாறும். டென்ஷனர் கடைசி வரை ஏறியும் ஆட்டம் குறையாவிட்டால் செயினை மாற்றுங்கள். பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் ஸ்ப்ரோக்கெட்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், தேய்ந்த பல்லில் புதுச் செயின் நிற்காது. செயினுக்கு ஜாயின்ட் கிடையாது. ஸ்டேட்டர் (ரோட்டரைச் சுற்றி நிற்கும் காயில்), ரோட்டரை எடுத்துவிட்டு, இஞ்சின் ஸ்ப்ரோக்கெட், கிளட்ச், செயின் மூன்றையும் ஒன்றாக இழுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி சமமாக இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள்.

நெல் மூட்டையோடு வாய்க்கால் கரையில் பாதி கிளட்ச்சிலேயே ஓட்டுகிற வண்டி என்றால் கிளட்ச் டிரம்மில் பிளேட்டுகளின் காது உட்காரும் காடிகளையும் பாருங்கள். பிளேட்டின் காது வெட்டிய பள்ளம் இருந்தால் கியர் மாற்றும்போது வண்டி இழுக்கும். லேசான பள்ளத்தை அரத்தால் சமப்படுத்தலாம், ஆழமென்றால் டிரம்மே மாற வேண்டும்.

தண்ணீர் புகுந்த வண்டிக்கு உள்ளே துடைத்து, மலிவான ஆயில் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டி வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். 20டபிள்யூ50, ஜாஸோ எம்ஏ தரம் (ஆயிலில் நனையும் பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது), 400 மில்லியைச் சுற்றி ஆகும். அளவைத் தீர்மானிப்பது லெவல் ஸ்குரூதான். கார் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு.

கவர் ரப்பர் உட்காரும் பள்ளத்தைத் துணியால் துடைத்துவிட்டு நட்டை அளவாக இறுக்குங்கள். ஒழுகுகிறதே என்று பலம் கொடுத்தால் கவர் வளைந்து, ஒழுகல் நிரந்தரமாகிவிடும். புதுச் செயின் 500 கி.மீ. ஓடியதும் கவரைத் திறந்து அதே 6 மி.மீ. இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.