ஊறுகாய்ப் புல்லில் என்ன கலப்பது, எவ்வளவு கலப்பது? புதியவர்களுக்கான செய்முறை

சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப் புல்லைத் தயாரிக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இதில் என்ன கலக்க வேண்டும்?" என்பதுதான். கையில் உள்ள தீவனத்தில் எது குறைகிறது என்று தெரிந்த பிறகே அதற்கு விடை சொல்ல முடியும். பசுந்தீவனத்தைக் குழியில் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால், அதில் இயல்பாகவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பயிரின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அதனால் புளிப்பு ஏறி, கார அமில நிலை (pH) 4-ஐ ஒட்டி இறங்கியதும், தீவனத்தைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. சர்க்கரையோ நல்ல பாக்டீரியாவோ குறைந்தால் சேர்மானத்தால் ஈடுகட்டலாம். உள்ளே தங்கிய காற்றுக்கு மட்டும் எந்தச் சேர்மானமும் மாற்றாகாது.

படி 1: ஈரத்தைச் சோதித்தல்

தீவனத்தில் சிறிதளவை 1 முதல் 2 செ.மீ. அளவில் நறுக்கி, ஒரு கைப்பிடி எடுத்து, அரை நிமிடம் இறுகப் பிடித்த பின் விரல்களை மெல்ல விரியுங்கள். விரலிடுக்கில் சாறு சொட்டினால் ஈரம் மிக அதிகம். உருண்டை கலையாமல் நின்று உள்ளங்கை நனைந்திருந்தால் இன்னும் சற்று வாட வேண்டும். உருண்டை மெதுவாகப் பிரிந்து, கையில் ஈரம் லேசாக மட்டும் தெரிந்தால், உலர்பொருள், அதாவது நீர் நீங்கலான பகுதி, ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் உள்ளது என்று கொள்ளலாம். முழுவதையும் அதே அளவில் நறுக்கி அடைப்பதற்கு அதுவே ஏற்ற பதம். சட்டென்று உதிர்ந்தால் தீவனம் காய்ந்துவிட்டது, அதை இறுக்குவது கடினம்.

ஈரம் மிகுந்த புல்லை, நறுக்கும் முன் சில மணி நேரம் வெயிலில் வாட விடுவதே சிறந்தது. மழையால் அது முடியாதபோது, 1 டன்னுக்கு 50 கிலோ அளவில் தவிடோ நறுக்கிய வைக்கோலோ கலந்தால் வடியும் சாற்றை ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

படி 2: பயிருக்கேற்ற சேர்மானத்தைத் தேர்ந்தெடுத்தல்

சரியான பருவத்தில் அறுத்த மக்காச்சோளத்தில் சர்க்கரை போதுமான அளவு இருப்பதால், அதற்கு மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு) சேர்ப்பது வீண்செலவு என்பதே என் கருத்து. நேப்பியர் போன்ற புல் வகைகளில் சர்க்கரை குறைவு. குதிரைமசால், தட்டைப்பயறு போன்ற பயறு வகைகளிலோ சர்க்கரை குறைவாக இருப்பதோடு, புரதமும் தாது உப்புகளும் அமிலத்தன்மை ஏறுவதைத் தடுக்கின்றன. ஆகவே இவ்விரண்டுக்கும்தான் மொலாசஸ் உண்மையில் தேவைப்படுகிறது.

படி 3: மொலாசஸ் கலத்தல்

புல்லுக்கு 1 டன்னுக்கு 20 முதல் 40 கிலோ போதும். பயறு வகைகளுக்கு 40 கிலோவை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அளவைவிட, அது சீராகப் பரவுவதே முக்கியம். நான் முதன்முறை செய்தபோது மொத்தப் பாகையும் மேலடுக்கில் ஊற்றிவிட்டேன். மேற்பகுதி பிசுபிசுவென்றிருக்க, அடிப்பகுதி நாறிப்போயிற்று. இப்போது ஒரு கூடைத் தீவனத்தை எடைபோட்டு, 100 கிலோவுக்கு எத்தனை கூடை என்று முதலிலேயே கணக்கிட்டுக்கொள்கிறேன். அந்த அளவு ஓர் அடுக்கு பரப்பியதும், 3 கிலோ மொலாசஸை அதே அளவு நீரில் கரைத்துப் பூவாளியால் தெளித்து, மிதித்து இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கைப் பரப்புகிறேன்.

படி 4: பாக்டீரியாக் கலவை

கடையில் கிடைக்கும் பொடியில் இருப்பவை உயிருள்ள பாக்டீரியாக்கள் என்பதை மறக்கக் கூடாது. 1 கிராம் தீவனத்துக்குக் குறைந்தது 1 லட்சம் பாக்டீரியா கிடைக்கும்படி பொட்டலத்தில் குறித்த அளவைப் பின்பற்றுங்கள். குளோரின் கலந்த நீரும் சூடான நீரும் அவற்றைக் கொன்றுவிடும். கரைத்ததை அன்றே தெளித்து முடிக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்த தெளிப்பானை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். குழியைத் திறந்தபின் தீவனம் சூடேறிக் கெடுவதே உங்கள் சிக்கல் என்றால், அசிட்டிக் அமிலத்தையும் உண்டாக்கும் புக்னெரி என்னும் பாக்டீரியா வகை பொருத்தமானது. ஆனால் அது வேலை செய்ய இரண்டு மாதம் வரை பொறுத்திருக்க வேண்டும்.

யூரியாவும் அமிலமும்

யூரியாவை மக்காச்சோளம், சோளம் போன்றவற்றுக்கு மட்டும், 1 டன்னுக்கு 5 கிலோவுக்கு மிகாமல் சேர்க்கலாம். அது புரதக் குறையைத்தான் ஈடுகட்டுகிறது, நொதித்தலை விரைவுபடுத்துவதில்லை. பயறு வகைகளில் அறவே வேண்டாம். யூரியா கலந்த தீவனத்தை ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கக் கூடாது. அமிலம் சேர்த்துப் பசுந்தீவனத்தைக் காக்கும் முறையை வகுத்த ஃபின்லாந்து விஞ்ஞானி விர்டனெனுக்கு 1945-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று பயன்படும் ஃபார்மிக் அமிலம் தோலையும் கண்ணையும் சுடக்கூடியது என்பதால், தொடக்கத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

படி 5: மூடுதலும் திறத்தலும்

நிரப்புவதை இயன்றவரை ஒரே நாளில் முடித்து, தடித்த பாலித்தீன் விரிப்பால் மூடி, அதன்மேல் பாரம் ஏற்றுங்கள். 45 நாள் கழித்துத் திறக்கும்போது, இளம் பச்சையோ மஞ்சள் கலந்த பச்சையோ நிறமும், இதமான புளிப்பு வாசனையும் இருந்தால் தீவனம் நன்றாக வந்துள்ளது. ஊசிய வெண்ணெய் நாற்றம் அடித்தால் ஈரம் மிகுந்திருந்தது அல்லது சர்க்கரை போதவில்லை. அடுத்த முறை அதைச் சரிசெய்யுங்கள். பூசணம் பிடித்த பகுதியைச் சுற்றியுள்ள தீவனத்தோடு சேர்த்து அகற்றிவிட வேண்டும்; மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது.