கண்ணாடித் துண்டால் சமச்சீரைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு பொருளைப் பார்த்ததும் "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி" என்று சொல்லிவிடுகிறோம். கையால் சோதித்துப் பார்த்தால்தான் சமச்சீரில் வகைகள் உண்டு என்பது புரியும். சட்டம் இல்லாத சின்னக் கண்ணாடி, டிரேசிங் தாள், பென்சில், குண்டூசி போதும். கண்ணாடி ஓரம் கூராக இருந்தால் டேப் ஒட்டிவிடுங்கள்.

படி 1: செவ்வகத் தாளின் நடுவே கண்ணாடியை நிமிர்த்தி வையுங்கள். பாதித் தாளும் பிம்பமும் சேர்ந்து முழுத் தாளாகத் தெரிந்தால் அது சமச்சீர்க் கோடு. நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று. இப்போது மூலைவிட்டத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வெட்டினால் இரண்டு துண்டும் சமம்தான், ஆனால் கண்ணாடியில் தெரிவது செவ்வகம் இல்லை, பட்டம்! சமமாகப் பிரிவது வேறு, சமச்சீர் வேறு. பலரும் தடுமாறும் இடம் இது.

படி 2: ஓர் இலையின் நடுநரம்பில் வையுங்கள். வெளிவடிவம் ஏறக்குறையப் பொருந்தும். கிளை நரம்புகளைக் கவனியுங்கள்: பல இலைகளில் அவை எதிரெதிரே இல்லாமல் மாறி மாறிக் கிளம்பும்.

படி 3: அடுத்து சுழல் சமச்சீர், அதாவது ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்பினாலும் வடிவம் பழையபடியே பொருந்துவது. மூன்று புள்ளிகளும் சம தூரத்தில் இருக்கும்படி ஃ எழுதி, டிரேசிங் தாளில் படியெடுத்து, நடுவில் குண்டூசி குத்தித் திருப்புங்கள். 120 பாகைக்கு ஒருமுறை பொருந்தும். கண்ணாடிக்கும் இதில் மூன்று கோடுகள் கிடைக்கும்.

படி 4: எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒற்றை அடுக்குச் செம்பருத்தியை நேர் எதிரே இருந்து போனில் படம் எடுத்து, திரைமேல் கண்ணாடியை வையுங்கள். ஒவ்வோர் இதழும் ஒரு பக்கத்து இதழின் மேலேறி, மறுபக்கத்து இதழுக்குள் நுழைந்திருக்கும். பூவில் அந்த அடுக்கு இடஞ்சுழியாகப் போனால் பிம்பத்தில் வலஞ்சுழியாகிவிடும். எங்கே வைத்தாலும் பொருந்தாது. ஆனால் 72 பாகை திருப்பினால் ஓர் இதழின் இடத்தில் அடுத்த இதழ் அழகாக வந்து உட்காரும்.

மூன்று இறக்கை மின்விசிறியும் இந்த ரகம்தான். காற்றைத் தள்ளுவதற்காக இறக்கைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. கண்ணாடி அந்தச் சாய்வைத் திருப்பிப்போட்டுவிடும்.

படி 5: தாஜ்மகாலின் முகப்புப் படத்தில் நடுக்கோட்டில் கண்ணாடியை வையுங்கள். குவிமாடம், மினார்கள் எல்லாம் பொருந்தும். அப்புறம் உள்கூடத்தின் படத்தைப் பாருங்கள். சரியாக நடுவில் இருப்பது மும்தாஜின் கல்லறை. 1666-இல் இறந்த ஷாஜகானின் கல்லறை அதற்கு மேற்கே, ஒருபக்கமாக இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு இணையாக மறுபக்கத்தில் எதுவும் இல்லை.