தஞ்சாவூருக்கு ஸ்வெட்டர் கொண்டு போகிறவர்களுக்கு

டெல்டாவில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் மார்கழி விடியலில் அங்கே இருந்ததில்லை. வெப்பமானி 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் வயல் தண்ணீரும் பனியும் கலந்து அடிக்கிற ஈரக்காற்றில் பெரியவர்கள் குல்லாவும் மப்ளருமாகத்தான் திண்ணைக்கு வருவார்கள். அது போக காசிக்குக் கிளம்புகிறவர்கள், கொடைக்கானல் டூர் போகிற பிள்ளைகள், ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற அக்கா மகன். ஊருக்கு வருகிறேன் என்று போனில் சொல்லி முடிப்பதற்குள் "அப்புறம், ஒரு நல்ல ஸ்வெட்டர்" என்று வந்துவிடும். பிரிட்டனில் இருப்பவனுக்கு அது கஷ்டமா என்று நினைப்பு. கஷ்டமில்லைதான், வாங்குகிற வரைக்கும்.

அக்டோபர், நவம்பரில் கடைக்குள் நுழையாதீர்கள், முழு விலை. டிசம்பர் 26 அன்று தள்ளுபடி தொடங்கும். ஜனவரிக் கடைசியில் இன்னும் இறங்கும், ஆனால் அளவு கிடைக்காது. நான் வாங்குவது சாரிட்டி கடைகளில், அதாவது தானமாக வந்த பழைய சாமான்களைத் தர்மத்துக்காக விற்கிற கடைகளில், அதுவும் வெயில் வந்த பிறகு. அலமாரியை ஒழிக்கிறவர்கள் அப்போதுதான் கம்பளியைக் கொண்டுவந்து போடுவார்கள், வாங்க ஆள் இருக்காது. நூறு பவுண்டை நெருங்கும் சரக்கு எட்டுப் பவுண்டுக்குத் தொங்கும்.

எடுத்ததும் உள்லேபிளைப் பாருங்கள். 'உல் பிளெண்ட்' (கலப்புக் கம்பளி) என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் அக்ரிலிக் என்கிற செயற்கை இழைதான். முழங்கையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தேய்ந்த இடம் சல்லடையாகத் தெரியும். மணிக்கட்டு ரிப்பை இழுத்து விடுங்கள். திரும்பச் சுருங்காவிட்டால் வைத்துவிட்டு நகருங்கள். தடித்து, விறைப்பாக, இழை தெரியாமல் இருந்தால் யாரோ வெந்நீரில் போட்டுக் கெடுத்தது. அதற்கு மருந்து இல்லை. மேலே உருண்டு நிற்கும் பஞ்சுக்குப் பயப்பட வேண்டாம், சீப்பால் வாரினால் போய்விடும். நம் ஊருக்கு மெரினோ என்கிற மெல்லிய கம்பளி போதும். முறுக்குப் பின்னல் போட்ட கனமான ஸ்வெட்டரைக் கொண்டுபோனால் அது பீரோவில்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், அந்துப்பூச்சி முட்டை இருந்தால் செத்துவிடும்.

இதையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்துத்தான், காசிக்குப் போகவிருக்கும் பெரியப்பாவுக்கு ஒன்று எடுத்தேன். நூறு சதவீத லாம்ப்ஸ்வுல் (ஆட்டுக்குட்டிக் கம்பளி), கரும்பச்சை, முன்னால் தோல் பொத்தான். ஆடி பிறந்திருந்தது, திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா அந்தப் புழுக்கத்திலேயே போட்டுப் பார்த்தார். கச்சிதம். பெரியம்மாதான் கழுத்துப் பட்டையைத் திருப்பினார். கம்பெனி லேபிளுக்குக் கீழே சுண்டுவிரல் அகலத்தில் ஒரு வெள்ளை நாடா, அதில் சிவப்பு நூலில் ஒரு வெள்ளைக்காரப் பெயர், பக்கத்தில் 14. காலேஜ் படிக்கிற பேத்தி சத்தமாக வாசித்தாள். "14னா என்ன சித்தப்பா?"

முதியோர் இல்லத்தில் சலவைக்குப் போகிற துணி மாறிவிடாமலிருக்க இப்படிப் பெயரும் அறை எண்ணும் தைப்பார்கள் என்று சொன்னேன்.

"அப்ப அந்த மனுசன் இப்ப எங்க?" என்றார் பெரியம்மா.

அவ்வளவுதான். 'செத்தவன் சட்டை' என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. கும்பகோணத்திலிருந்து அத்தை போன் போட்டார். மஞ்சள் தண்ணீரில் முக்கினால் போதும் என்று ஒரு கட்சி, பொட்டலம் கட்டி ஆற்றில் விடு என்று ஒரு கட்சி. எதிர்வீட்டு அண்ணன், லண்டனில் அவ்வளவு கஷ்டமா தம்பி என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. பழைய துணியைப் போட்டுப் பாத்திரம் வாங்குகிற தெரு அது. நைந்த சேலைகளுக்கு எவர்சில்வர் தூக்கு வாங்கிய பெரியம்மா, அந்தச் சேலை அடுத்து யார் உடம்புக்குப் போகிறது என்று ஒருநாளும் பாத்திரக்காரரைக் கேட்டதில்லை. கொடுக்கிற கைக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

பெரியப்பா சத்தம் போடவில்லை. கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்தார். "காசிக்குப் போறது எதுக்கு? எங்கப்பா அம்மாவுக்குக் குடுக்கத்தான். உங்கப்பனுக்கும் சேத்துத்தான் குடுக்கப் போறேன். இதை மாட்டிக்கிட்டா போகச் சொல்ற?"

அப்பாவுக்குக் கொடுக்க வேண்டியவன் நான். ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் பக்கத்தில் இருந்தவரும் பெரியப்பாதான். நான் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் இரண்டு பேரும் திருச்சிக்கு பஸ் ஏறினோம்.

ஆடி மாதத்தில் ஸ்வெட்டர் கேட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மலைக்கோட்டைக் கடைவீதியில் தெருவையே அடைத்து ஆடித் தள்ளுபடிக் கூட்டம். முதல் கடையில் சிரித்தார்கள். அடுத்ததில் "கார்த்திகைக்கு அப்புறம் வாங்க சார்" என்றார்கள். இன்னொன்றில் ஸ்வெட்டர் என்று சொல்லி ஸ்கூல் பிள்ளைகள் அளவில் எடுத்துப் போட்டார்கள். பெரியப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு படியும் ஏறினார், உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை. கடைசியில் ஒரு சந்துக் கடையில் பையனைப் பரண் மேல் ஏற்றி ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார்கள். திறந்ததும் நாப்தலின் நெடி. போன வருஷத்துச் சரக்கு, லூதியானாவிலிருந்து வந்தது, 'பியூர் உல்' என்று சீட்டு, 450 ரூபாய். கல்லாக்காரரிடம் சொல்லிவிட்டு உள்தையலில் தொங்கிய நூலைப் பிய்த்து, வத்திப்பெட்டி வாங்கிக் கொளுத்தினேன். கம்பளியானால் முடி கருகுகிற வாடை வரும், சாம்பல் நசுக்கினால் பொடியாகும். இது உருகி, கடுகு மாதிரி கெட்டியாக உருண்டு நின்றது. முழு அக்ரிலிக்.

பெரியப்பாவிடம் காட்டினேன். "இருக்கட்டும்ப்பா, புதுசுல்ல" என்றார். பில் போடச் சொன்னார், காசையும் அவரே கொடுத்தார்.

ஆக, பழையது வாங்குவதானால் கழுத்து, விலாத் தையல், பை உட்புறம் மூன்றையும் புரட்டி, பெயர் நாடா இருந்தால் பிளேடால் தையலைப் பிரித்து எடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் போட்டுக்கொள்ளவும் பிள்ளைகளுக்கும் பழையது நன்றாகவே சரிப்படும். திதி, யாத்திரை, கல்யாணம் என்று யாராவது வாயெடுத்தால் மட்டும் தள்ளுபடியில் புதியதாக எடுத்து, விலைச்சீட்டைக் கிழிக்காமல் கொண்டு போங்கள். உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அங்கே எடுபடாது.

ஜெர்மனி போகிற பிள்ளைக்கு ஸ்வெட்டர் வாங்கித் தராதீர்கள். போன இடத்தில் பழைய துணிக் கடைகள் இருக்கின்றன. பனியன், டி-ஷர்ட், உள்ளே போடும் தெர்மல் இவற்றுக்குத் திருப்பூர். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம், தஞ்சை, திருச்சி வழியாகக் கோவை போகும் ஜன் சதாப்தி ரயில் அங்கே நிற்கும். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை, ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு குவிந்து கிடக்கும். கழுத்துப் பட்டையை இழுத்துப் பாருங்கள், பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வருகிறதா என்று பாருங்கள். விலை மலிவுக்கு மகிழும்போதே டெல்டாக்காரனுக்கு ஒன்று நினைவுக்கு வரும்: அந்தத் துணிகளுக்குப் போட்ட சாயம் கலந்த நொய்யல் ஆறு கரூர்ப் பக்கம் காவிரியில்தான் சேர்கிறது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகவே மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போடும் அளவுக்குப் போனது. நானும் பை நிறையத்தான் வாங்கி வருகிறேன்.

கொடுக்கும்போது துவைக்கும் முறையையும் சொல்லிவிடுங்கள். துவைகல்லில் அடித்தால் ஒரே நாளில் குழந்தை அளவுக்கு வந்துவிடும். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு, முறுக்கிப் பிழியக் கூடாது, கொடியில் போடக் கூடாது. துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, கயிற்றுக் கட்டிலில் நிழலில் விரித்துவிட வேண்டும். துவைக்காமல் பீரோவில் வைத்தால் வியர்வைக்கும் சோற்றுக் கறைக்கும்தான் பூச்சி முதலில் வரும்.

பார்சலில் அனுப்பலாமே என்றால், வேண்டாம். 2019 டிசம்பரிலிருந்து அன்பளிப்பு என்று எழுதி அனுப்பினால் சுங்கவரிச் சலுகை இல்லை. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு. உடுத்திய துணியை இறக்குமதி செய்ய லைசென்ஸே வேண்டும். பெட்டியில் கையோடு கொண்டுபோவதுதான் வழி.

பெரியப்பா தை அமாவாசைக்குக் காசியில் இருப்பதாகத் திட்டம். கங்கைக் காற்றுக்கு அந்த அக்ரிலிக் தாங்காது. பொங்கலுக்கு இங்கிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் யாராவது போனால் சொல்லுங்கள், டிசம்பர் 26 தள்ளுபடியில் ஒன்று எடுத்துத் தருகிறேன். அளவு 42, முழுக்கை, விலைச்சீட்டு அப்படியே இருக்கட்டும்.