அணைக்கரையில் நிலத்துக்கு நிலம் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

எங்கள் பெரியப்பா ஒரு கால்வாய் வேலைக்காக ஒரு ஏக்கர் நஞ்சையை விட்டுக்கொடுத்தார், பதிலுக்கு அரசிடமிருந்து ஒரு ஏக்கர் கிடைத்தது. மனுவில், வரைபடத்தில் எல்லாம் ‘வாய்க்கால் ஓரம்’ என்றுதான் இருந்தது, உண்மையிலும் வாய்க்கால் ஓரம்தான். ஆனால் வாய்க்கால் ஓடுவது கீழே, வயல் கிடப்பது ஆறடி மேட்டில். கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் எடுத்தவர், கண்ணெதிரே தண்ணீர் ஓட, மானாவாரியாக உளுந்து விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தார். கால்வாயில் மோட்டார் வைத்து இறைக்கலாமே என்பீர்கள், அனுமதி இல்லாமல் வைத்தால் அது தனி வழக்கு.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: ஏக்கருக்கு ஏக்கர் என்ற கணக்கில் மயங்காதீர்கள். நஞ்சையா புஞ்சையா, ஆயக்கட்டுக் கணக்கில், அதாவது பாசனம் பெறும் நிலங்களின் கணக்கில், அந்த சர்வே எண் இருக்கிறதா, எந்த மடையில் பாய்கிறது, கடைமடையா தலைமடையா, இதெல்லாம் கேட்டாக வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறு அணையின் பிரதானக் கால்வாயில் மட்டும் நான்கு ரீச் (கால்வாயின் பகுதிகள்) இருக்கிறது, எல்லா ரீச்சுக்கும் எல்லா வருஷமும் ஒன்றுபோல் தண்ணீர் வராது என்பது அங்கே விவசாயம் செய்கிறவர்களுக்குத் தெரியும். ‘மணிமுத்தாறு பாசனம்’ என்று ஒற்றை வரியில் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். பக்கத்து வயல்காரரிடம் போய், போன மூன்று வருஷம் என்ன போட்டீர்கள், என்ன எடுத்தீர்கள் என்று கேளுங்கள். பத்திரத்தில் எழுதியிருக்காததை அவர் சொல்வார்.

அடுத்து, பலரும் குழப்பிக்கொள்ளும் இடம். அரசே திட்டத்துக்காக உங்கள் நிலத்தை எடுப்பது வேறு, நீங்களாக மனு போட்டு ‘இதை எடுத்துக்கொண்டு அதைக் கொடுங்கள்’ என்று கேட்பது வேறு. இரண்டாவதில் உங்களுக்கு உரிமை என்று எதுவும் இல்லை, அரசு சம்மதித்தால்தான் உண்டு. முதலாவதற்கு 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இருக்கிறது. பாசனத் திட்டத்துக்காக விவசாய நிலம் இழக்கும் குடும்பத்துக்கு, முடிந்தவரை, இழப்பீட்டுப் பணத்துக்குப் பதிலாக அந்தத் திட்டத்தின் ஆயக்கட்டிலேயே குறைந்தது ஒரு ஏக்கர் தரவேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் இழந்த அளவு அல்லது இரண்டரை ஏக்கர், இதில் எது குறைவோ அது.

ஆனால் அந்த ஏக்கர் யாருக்கு? நில உரிமைப் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கு. நம் ஊரில் எத்தனை பட்டா இன்னும் தாத்தா பெயரில் கிடக்கிறது! அவர் இறந்து முப்பது வருஷம் ஆகியிருக்கும், நான்கு பிள்ளைகள் வாய்வார்த்தையில் வரப்பு பிரித்து உழுதுகொண்டிருப்பார்கள், ஒருவர் சென்னையில், ஒருவர் மும்பையில். நில எடுப்பு அறிவிப்பு வந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு ஓடினால், அலைச்சலும் சண்டையும் சேர்ந்தே வரும். அணைக்கு, கால்வாய்க்கு என்று பேச்சு அடிபடும்போதே பாகப்பிரிவினையை முடித்து, உட்பிரிவு செய்து, அவரவர் பெயரில் பட்டா மாற்றிவிடுங்கள். அத்தைகளுக்கும் பங்கு உண்டு, அவர்களை விட்டுவிட்டு எழுதி அப்புறம் வழக்கில் மாட்டாதீர்கள்.

சரி, அரசு காட்டும் நிலம் என்ன வகை? தரிசு என்று வாயால் சொன்னால் போதாது, ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் தொடாதீர்கள். நீர்நிலைகளையும் கிராமப் பொதுநிலங்களையும் தனியாருக்கு ஒதுக்குவதை உச்ச நீதிமன்றம் 2011இல் கடுமையாகக் கண்டித்திருக்கிறது, இன்று கொடுத்த பட்டா நாளை ரத்தாகலாம். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய இடம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஒட்டியே கிடக்கிறது, காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு விட 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும், வருவாய்த் துறை மட்டும் கையெழுத்துப் போட்டு முடிகிற காரியம் இல்லை.

கோடையில் அணை வற்றும்போது உள்ளே பயிர் வைத்திருப்போம், அந்த இடத்துக்கு மாற்று நிலம் கேட்கலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். முழு நீர்மட்டம் மணிமுத்தாறு அணைக்கு 118 அடி, பாபநாசம் அணைக்கு 143 அடி, தண்ணீர் அதுவரை ஏற உரிமை உள்ள இடம் அணைக்குச் சொந்தம். எத்தனை வருஷம் உழுதிருந்தாலும் அங்கே உங்களுக்குச் சொந்தம் என்று எதுவும் இல்லை, பத்திரம் இல்லாததை மாற்றிக்கொள்ளவும் முடியாது.

அளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும், நம் வாயில் ஏக்கர், சென்ட், பெரியவர்கள் வாயில் எத்தனை மரக்கால் விதை பிடிக்கும் என்ற மரக்கால் விதைப்பாடு. ஒரு ஏர் என்றால் ஏறக்குறைய 2.47 சென்ட், 0.40.50, அதாவது 40.50 ஏர், என்று இருந்தால்தான் ஒரு ஏக்கர். சர்வேயரோடு நடந்து போய் நான்கு மூலைக் கல்லையும் கையால் தொட்டுப் பாருங்கள். பெரியப்பா நிலத்தில் வடமேற்குக் கல் பனைமர வேருக்குள் புதைந்து கிடந்தது, தோண்டிப் பார்த்தபோதுதான் வரப்பு பக்கத்து வயலுக்குள் மூன்றடி தள்ளி இருப்பது தெரிந்தது. வண்டிப்பாதை இருக்கிறதா, வேறு யாராவது ஏற்கெனவே உழுகிறாரா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

கடனா, ராமநதி அணைகள் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. பழைய பத்திரத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்கும், மனு போக வேண்டியது இப்போதைய மாவட்டத்துக்கு.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 2013 சட்டப்படி ஒதுக்கும் நிலத்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக வாங்கலாம், முத்திரைத்தாள், பதிவுச் செலவை நிலம் கேட்கும் துறையே ஏற்க வேண்டும். மனுவிலேயே வீட்டுக்காரி பெயரையும் எழுதுங்கள். உத்தரவு கையில் வந்து, பட்டாவில் அந்த இரண்டு பெயரும் ஏறுவதற்கு முன் பழைய நிலத்தை ஒப்படைத்துவிடாமல் இருக்கப் பாருங்கள், ஒப்படைக்கச் சொன்னால் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.