பழைய கம்ப்யூட்டரில் மறுபடி பழைய விண்டோஸ் போடலாமா?

விண்டோஸ் 11-க்கு மாறியபின் லேப்டாப் ஆமையாக நகர்கிறதா? மாறி 10 நாட்களுக்குள் என்றால் வேலை சுலபம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரெக்கவரி போய் 'கோ பேக்' அழுத்துங்கள், விண்டோஸ் 10 திரும்பிவிடும். உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும், மாறிய பிறகு நிறுவிய மென்பொருள்கள் மட்டும் போய்விடும். இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் இருக்கும் 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டரை அழித்திருந்தால் இந்த வழி கிடையாது. அப்புறம் பென்டிரைவிலிருந்து புதிதாக நிறுவ வேண்டியதுதான். அதற்கு முன் பேக்கப் கட்டாயம்.

இன்னும் பின்னால் போய் விண்டோஸ் 7 போடச் சொல்வார்கள். வேண்டாம். இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. நெட் பேங்கிங் செய்கிற கம்ப்யூட்டருக்கு அது ஆகாது. விண்டோஸ் 10-க்கே வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதன் பிறகும் பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் தனியாகச் சேர வேண்டும்.

என்னைக் கேட்டால், பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கை மாற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கும். அதுவும் சரிவரவில்லை, 4 ஜிபி ராம்தான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு நல்லது. நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டி, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.