நூலகத்துப் பத்திரிகைகளை மாணவர்கள் படிக்கிறார்களா? கணக்கெடுப்பது எப்படி?

மொரீஷியஸில் தமிழ் படிக்கும் மாணவர்களும் பெரும்பாலும் அந்நாட்டுப் பேச்சுமொழியான கிரியோல்தான் பேசுகிறார்கள், அதற்காகக் கல்லூரி நூலகத்துத் தமிழ் இதழ்களை யாரும் தொடுவதில்லை என்று முடிவு கட்டிவிடாமல் முதலில் எண்ணிப் பாருங்கள். இதழ்களை இரவல் தராத நூலகத்தில் பதிவேடு உதவாது. "படித்ததை மேசையிலேயே விடுங்கள்" என்று ஓர் அட்டை வைத்து, மதியமும் மூடும் நேரத்திலும் மேசையில் கிடப்பவற்றைப் பெயர், மாதம் போட்டுக் குறித்துக்கொண்டு அடுக்குங்கள். சாதாரண வாரம் ஒன்று, தேர்வு நெருங்கும் வாரம் ஒன்று, இரண்டும் வேண்டும். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை, அந்த வாரம் வேண்டாம்.

ஒரே இதழை நாலு பேர் கைமாற்றிப் படித்தாலும் மேசையில் ஒன்றுதான் கிடக்கும், சிலர் பழக்கத்தில் தாங்களே அடுக்கியும் விடுவார்கள். அதனால் கிடைக்கும் எண் குறைந்தபட்சம்தான்.

அப்புறம் பேசுங்கள். "பிடிக்குமா?" என்றால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், "கடைசியாக எதை எடுத்தீர்கள், எதற்கு?" என்று கிரியோலிலேயே கேளுங்கள். கட்டுரை எழுதவா, சினிமாப் பக்கத்துக்கா என்பது அப்போதுதான் தெரியும்.

யாரும் தொடாத இதழை உடனே நிறுத்தாதீர்கள், பாவம், அது கீழ்த்தட்டில் கிடந்திருக்கும். கண் உயரத்துக்கு மாற்றி மறுபடி எண்ணுங்கள். அப்போதும் ஓரிரு தடவைதான் என்றால், சந்தாவோடு விமான அஞ்சல் செலவையும் கூட்டி, அந்தத் தடவைகளால் வகுத்து, தமிழ் ஆசிரியரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.