முட்டித் தசைநாண் வலி: மசாஜ் எந்த இடத்தில் செய்வது?

முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே, விரல்நுனி அகலத்தில் வலி. வீக்கம் இல்லை, படி இறங்கும்போதுதான் சுருக்கென்றது. ஐந்து நாள் அந்த இடத்தையே தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தேன். அப்போதைக்கு இதம், மறுநாள் காலை முன்னைவிடக் கடுப்பு. உறுத்தலில் இருக்கும் தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) அழுத்தினால் அது இன்னும் சீண்டப்படும். ஐஸ் ஒத்தடம் மரத்துப்போக வைத்ததோடு சரி.

பிறகு மசாஜை முன்தொடைத் தசைக்கு மட்டும், 5 நிமிடம் என்று மாற்றினேன். அது இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். குணம் தந்தது அடுத்த படி: சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டியைச் சுமார் 60 டிகிரி மடக்கி, 45 விநாடி அசையாமல் நிற்பது. 2 நிமிட ஓய்வு. மொத்தம் 5 முறை.

பலரும் தவறவிடுவது இது: வலியைப் பயிற்சியின்போது அளந்தால் போதாது, மறுநாள் காலை முதல் படி இறங்கும்போது அளக்க வேண்டும். கூடியிருந்தால் மடக்கத்தைக் குறைக்கணும். மூன்றாம் வாரம் படி இறங்குவது எளிதாகிவிட்டது, நிம்மதி. தசைநாண் வலுப்பட 12 வாரமாவது பிடிக்கும் என்பதால் பயிற்சியை நிறுத்தவில்லை.